மலையைச் சுத்தம் செய்தவர்

மூச்சிரைக்க உச்சிக்கு வந்த மாப்பிள்ளை, முன்னதாகவே வந்து காத்திருந்த மைத்துனன் முன்னால் பையைக் கவிழ்த்தார். கத்தையாகச் சிவப்புத் துணிக் கிழிசல்கள்.

"வழி நெடுகக் கிளைக்குக் கிளை தொங்குது. அறிவுகெட்ட ஜனங்க! மலையை நாறடிச்சு வெச்சிருக்காங்க. ஒண்ணு விடாம அவிழ்த்துட்டேன்."

மைத்துனனின் முகம் வெளிறியது. "அக்கா எங்க மாமா?"

"உங்கக்காவா? ஆடி அசைஞ்சு வருவா. அவளுக்காகக் காத்துக்கிட்டு நிக்க முடியுமா?"

"நீங்க நிக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் மாமா, அவ வழி தவறிடக் கூடாதேன்னு நான் இதையெல்லாம் கட்டிக்கிட்டே வந்தேன்."



கீழே பனிமூட்டத்துக்குள், பாதையே இல்லாத பக்கத்திலிருந்து குரல் கேட்டது.

"தம்பீ... எங்கடா இருக்கே?"

கணவரை அவள் கூப்பிடவே இல்லை.