பாதிக் கூலி

வறுத்த காப்பிக்கொட்டையைத் தட்டில் கொட்டி ஆறவிட்டுக்கொண்டிருந்தாள் அவள். எதிரே நின்ற ஹோட்டல் கம்பெனி மேலாளர் விடுவதாக இல்லை.

“நாப்பது ஹோட்டலுக்கும் உங்க காப்பித்தூள்தான் மேடம். விலையை மட்டும் குறைங்க.”

“தோட்டத்துல பறிக்கிறவங்களுக்கு நியாயமான கூலி போகுது சார். அதான் இந்த விலை.”

“அந்தக் கூலியைத்தான் பாதியாக்கச் சொல்றேன். ‘நியாயமான கூலி’ன்னு பையில அச்சடிச்சது அது பாட்டுக்கு இருக்கட்டும். மலையேறிப் போய் யார் விசாரிக்கப் போறா?”

அவளுக்குச் சுருக்கென்றது. “முடியாது சார்.”

“இந்த ஆர்டர் போனா கடையை இழுத்து மூட வேண்டியதுதான். தெரியும்ல?”

தெரியும். போன வாரமே மூட்டைகளில் பாதி விற்காமல் கிடந்தது.

“மூடினாலும் மூடலாமே தவிர, அவங்க வயித்துல அடிக்கக் கூடாது. நான் சம்பளத்துக்கு வறுக்கிறவ. முதலாளிங்க உள்ளதான் கூட்டத்துல இருக்காங்க. இதை அவங்ககிட்டயே சொல்றீங்களா?”

“தாராளமா! முதலாளிக்குத்தான் லாப நஷ்டம் புரியும்.”

அவள் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே மேசையைச் சுற்றிப் பத்துப் பெண்கள். எல்லார் விரல்களிலும் காப்பிப் பழம் பறித்த கறை. மேலாளர் அவர்களைத் தாண்டி முதலாளியைத் தேடினார்.

“இவங்கதான் சார். தோட்டத்துல பறிக்கிறவங்க. காசு சேத்துக் கடை போட்டு, என்னை வேலைக்கு வச்சவங்களும் இவங்கதான்.”

ஒருத்தி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க சார். எங்க கூலியில எவ்வளவு குறைக்கணும்? எங்க முகத்தைப் பாத்துச் சொல்லுங்க.”