கால் சுற்று

“பலாப்பழத்தை என் கத்தியாலதானே அறுத்தே?” என்று ஞானப்பிரகாசம் கத்த, “அந்தக் கத்தியை நான் தொட்டதே இல்லை, மாதா சத்தியம்!” என்று அவர் மனைவி பிலோமினா அதைவிட உரக்கக் கத்தினாள். மாடியில் எல்லார் வீட்டுக் கதவும் ஒரு சாண் திறந்தது. எதிர்வீட்டுச் சபாபதி மட்டும் நேராக அவர்கள் வீட்டுக்குள்ளேயே போய்விட்டார். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனார்.

இரண்டு ஆண்களும் ஞாயிறுதோறும் வெளிநாட்டு மடக்குக் கத்திகளோடு உட்காருவார்கள். அவற்றால் ஓர் எலுமிச்சம்பழம்கூட அறுத்ததில்லை. திறந்த கத்தியின் பூட்டை விடுவித்தால், யாருடையது தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு மூடுகிறது என்பதுதான் போட்டி. எப்போதும் ஞானப்பிரகாசத்தினுடையதுதான். போன ஞாயிறு அவர் காபி எடுக்க உள்ளே போன நேரத்தில், சபாபதி அதன் திருகாணியைக் கால் சுற்று இறுக்கிவிட்டார். அலகு பாதியிலேயே நின்றது. அது போதாதென்று, “பலாப்பால் பட்டிருக்குமோ, சார்?” என்று ஆறுதல் வேறு.

“நீங்களே சொல்லுங்கண்ணே, நான் தொட்டிருப்பேனா?” என்றாள் பிலோமினா.

உண்மை சபாபதியின் தொண்டைவரை வந்தது. “விடுங்க சார், தெரியாம நடந்திருக்கும்,” என்றார், ரொம்பப் பெருந்தன்மையாக.

பிலோமினா அவரை ஒருமுறை பார்த்தாள். அதற்குப் பிறகு கத்தவில்லை. அந்த வாரமே மகளோடு தூத்துக்குடிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். தை மாதம் மகள் கல்யாணமும் அங்கேயே நடந்தது. பெற்ற அப்பனுக்குப் பத்திரிகை இல்லை. சபாபதிக்கு வந்தது, ‘அவசியம் வாங்கண்ணே’ என்று பேனாவால் எழுதி. அவர் போகவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் வீட்டைக் காலிபண்ணிக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டார்.