ஈறில் இரண்டு புண்கள்

கலகாரிப் பாலைவன ஓரத்து மாட்டுப்பட்டியில் வெயில் ஏறுகிறது. முள்வேலிக்கு அப்பால், கொள்ளைநோய் கண்ட மாடுகளைச் சுட்டுப் புதைக்க வெட்டிய குழியின் செம்மண் இன்னும் காயவில்லை. வெள்ளைக்கார மாட்டு வைத்தியர் பசுவின் உதட்டைப் புரட்டுகிறார். கொம்பைப் பிடித்திருக்கும் மொட்சுமியும் எட்டிப் பார்க்கிறான்: ஈறில் தவிடு ஒட்டினாற்போல் இரண்டு வெண்புண்கள். மனைவி இறந்தபின் கைக்குழந்தைக்குப் பால் தந்தவள் இவள். “முள்ளு குத்தினதுதான்னு சொல்லுங்கண்ணே,” என்று வைத்தியருக்கு மொழிபெயர்க்கும் துபாசியிடம் கெஞ்சுகிறான். “எனக்கே தெரியுது மொட்சுமி, அவருக்குத் தெரியாதா?” என்கிறார் துபாசி. வைத்தியர் கை கழுவுகிறார். மருந்துநீர் நெடி காற்றில் பரவுகிறது. துப்பாக்கி ஏந்திய காவலர் கயிற்றோடு வருகிறார். “கயிறு எதுக்குங்க? நான் முன்னால போனா அவ பின்னாலயே வந்துடுவா.” மொட்சுமி குழியை நோக்கி நடக்கிறான், அவளுடைய மூச்சு அவன் முதுகில் சூடாகப் படுகிறது.