மஃரிபுக்கு வந்த நெஞ்சு

அல்லாஹ்மேல் ஆணை, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கல்முனையில் பிடவைக்கடை வைத்திருக்கும் பஸாலுக்குத் தன் நெஞ்சடிப்பு தனக்கே கேட்கத் தொடங்கியது. கேட்கக் கேட்கப் பயம் கூடியது. பயம் கூடக் கூட நெஞ்சு இன்னும் உரக்க அடித்தது. டொக்டர் சோதித்துவிட்டு, "ஒண்டுமில்ல, கவனிக்காம உடுங்க" என்றார்.

அன்று பள்ளிவாசலில் மஃரிப் என்ற அந்தித் தொழுகையில் தோளோடு தோள் நின்ற கச்சிமுகம்மது, முடிந்ததும் திரும்பினார். "தம்பி, ஒங்கட நெஞ்சு போடுற சத்தத்துல இமாம் ஓதுறது கேக்கல்ல."

மறுநாள் மஃரிபுக்கு பஸால் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. கடையிலேயே தொழுதான். சற்று நேரத்தில் கச்சிமுகம்மது படியேறி வந்தார்.

"நீங்க வரல்ல தம்பி. நெஞ்சு மட்டும் வந்து என்ட பக்கத்துல நிண்டிச்சு."

பஸால் மார்பில் கை வைத்தான். எங்கு வைத்தும் அடிப்பு அகப்படவில்லை.

கச்சிமுகம்மதுவுக்கு இரண்டு காதும் கேட்காமல் போய் ஒன்பது வருடமாகிறது.