குறையில்லாத கல்லீரல்

எண்கள் மறுபடியும் ஏறியிருந்தன.

இது மூன்றாவது ரத்தப் பரிசோதனை. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் போன முறையைவிட அதிகம். ஆனால் ஸ்கேனில் அவள் கல்லீரல் பாடப்புத்தகத்துப் படம் போல இருந்தது. கொழுப்பு இல்லை. வீக்கம் இல்லை. மஞ்சள் காமாலைக் கிருமி எதுவும் இல்லை.

மேசைக்கு எதிரே அவளும் அவள் கணவனும் உட்கார்ந்திருந்தார்கள். மாமனாருக்குத் தன் கல்லீரலில் பாதியைத் தர வந்திருக்கும் மருமகள் அவள். மாமனார் மேல்மாடி வார்டில் வயிறு வீங்கிக் கிடந்தார். மகனுடைய ரத்தப் பிரிவு சேரவில்லை. மருமகளுடையது சேர்ந்துவிட்டது.

எண்கள் இறங்காமல் அவளை ஆபரேஷன் மேசையில் கிடத்த முடியாது. ஏன் ஏறுகின்றன என்று தெரியாமல் அவற்றை இறக்கவும் முடியாது.

"என்ன டாக்டர், இன்னும் தேதி குடுக்க மாட்டேங்கறீங்க? வெட்டினா வளர்ந்துடும்னு நீங்கதானே சொன்னீங்க? நகம் மாதிரிதானே?" என்று கணவன் சிரித்தான்.

நல்ல சிரிப்பு. எங்கள் நர்ஸுகளுக்கெல்லாம் அவனைப் பிடிக்கும். அப்பாவுக்காக இப்படி அலையும் பிள்ளையை இந்தக் காலத்தில் எங்கே பார்க்கிறோம்?

"மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களாம்மா?" என்று அவளிடம் கேட்டேன்.

"தலைவலி மாத்திரைகூட நான் வாங்கித் தர்றதில்ல டாக்டர்," என்றான் அவன். "எவ்வளவு வலின்னாலும் தாங்கிக்கோன்னு சொல்லிட்டேன்."

அவள் வாயிலிருந்து நாங்கள் இதுவரை கேட்டது ஒரே வாக்கியம்தான்: 'நான் முழு மனதுடன் சம்மதிக்கிறேன்.' ஒவ்வொரு முறையும் அதே சொற்கள், அதே வரிசை, அதே வேகம்.

நான் அறிக்கைக்குத் திரும்பினேன்.

இந்த இரண்டும் நொதிகள். உயிரணுவுக்குள் இருக்க வேண்டியவை. உயிரணு உடைந்தால் ரத்தத்துக்கு வந்துவிடும். வீடு இடிந்தால் சாமான் தெருவில் சிதறுகிறதே, அப்படி. தெருவில் கிடக்கும் சாமானைப் பார்த்து இடிந்தது எந்த வீடு என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

காமா ஜி.டி. என்று இன்னொரு நொதி உண்டு. கல்லீரல் வீட்டின் சாமான் அது. அந்த வீட்டுக்குத் தொல்லை வந்தால் பெரும்பாலும் அதுவும் சேர்ந்து வெளியே வரும்.

அவளுக்கு அது வரவே இல்லை.

பரிசோதனைக்குக் கல்லீரல் பரிசோதனை என்று பெயர். பார்ப்பவர்கள் கல்லீரல் டாக்டர்கள். ஆகவே நாங்கள் கல்லீரலையே குடைந்துகொண்டிருந்தோம். தொலைத்தது ஓரிடம், தேடியது ஓரிடம்.

"இவ இரும்பு, டாக்டர். ஒண்ணும் ஆகாது," என்று அவன் அவள் முதுகில் செல்லமாகத் தட்டினான்.

மெதுவாகத்தான் தட்டினான். அவள் முகம் மாறவில்லை. மூச்சு மட்டும் நின்றது. சிறிது நேரம் கழித்துத்தான் அது திரும்பி வந்தது.

நான் போனை எடுத்து லேபைக் கூப்பிட்டேன். "காலையில எடுத்த சாம்பிள் மிச்சம் இருக்குல்ல? அதுல ஒரு சி.கே. போட்டுச் சொல்லுங்க."

"அது என்ன டாக்டர்?" என்றான் கணவன்.

"அதுவும் ஒரு நொதிதான். இருங்க, இப்ப வந்துடும்."

அது வரும்வரை ஒரு தாளில் கல்லீரலை வரைந்து காட்டினேன். எங்கே வெட்டுவோம், மிச்சம் எப்படி வளரும், புதுக் குழாய்கள் எப்படிக் கிளைவிடும் என்று சொல்லிக்கொண்டே போனேன். விளக்க உட்கார்ந்தால் நான் லேசில் எழுந்திருக்கிறவன் இல்லை. அவன் ஆர்வமாகக் கேட்டான். புத்திசாலித்தனமான கேள்விகள் கேட்டான்.

அவள் படத்தைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. லேப்காரர் எண்ணைச் சொன்னார். பிறகு, "ஆக்ஸிடென்ட் கேஸா டாக்டர்?" என்று கேட்டார்.

"இல்ல," என்று வைத்துவிட்டேன்.

சி.கே. கல்லீரலின் சாமான் அல்ல. அது தசையினுடையது. எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும்கூடத் தசையில் உண்டு. நாங்கள்தான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

"காரணம் தெரிஞ்சுதா?" என்றான்.

"தெரிஞ்சுது. ஆனா இன்னிக்கே அட்மிட் பண்ணணும். லேடீஸ் வார்டு. யாரும் பார்க்க வரக் கூடாது. நீங்களும்தான்."

"எண்ணு இறங்கிடுமா?"

"கண்டிப்பா."

"அப்ப தாராளமா வெச்சுக்கங்க டாக்டர்!" அவன் உற்சாகமாக எழுந்தான். அவள் பக்கம் குனிந்து, "சமத்தா இருக்கணும், என்ன?" என்றான். அப்பாவிடம் நல்ல சேதி சொல்ல மாடிக்குப் போனான்.

கதவு மூடியது.

"நான் முழு மனதுடன்..." என்று அவள் தொடங்கினாள்.

"அது இங்க வேண்டாம்மா. விருப்பம் இல்லேன்னா 'பொருந்தலை'ன்னு மட்டும்தான் எழுதுவோம். தானம் குடுக்க வர்ற எல்லாருக்குமே அப்படித்தான். வேற காரணம் இந்த ரூமை விட்டு வெளிய போகாது."

அவள் மூடிய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"மாமாவுக்கு எதுவும் தெரியாது, டாக்டர்," என்றாள். "அவரு நல்லவரு."

நான் தலையசைத்தேன். அட்மிஷன் சீட்டில் மருந்து எதுவும் எழுதவில்லை. பார்வையாளர் கூடாது, கணவர் உட்பட என்று மட்டும் எழுதினேன்.

அவள் கல்லீரலில் ஒரு குறையும் இல்லை. அடிக்கிறவன் உள்ளே வராமல் இருந்தால் போதும். தசை தானாக ஆறும், எண்கள் தானாக இறங்கும்.