அப்பா பார்த்த கல்லூரிகள்

"அப்பா, போதும்ப்பா! மானத்தை வாங்காதீங்க!" மகள் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

அப்பா காதில் வாங்கினால்தானே? கல்லூரியைச் சுற்றிக் காட்ட வந்த மாணவி வலப்பக்கம் கை நீட்டினால், அவர் இடப்பக்கம் நடந்தார்.

மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. தோழிகள் எல்லாரும் ஆளுக்கொரு கல்லூரியில் சேர்ந்தாயிற்று. இவர் இப்படியே நோண்டிக்கொண்டிருந்தால் இந்த வருஷம் அவள் வீட்டில்தான் உட்கார வேண்டும்.

முதல் கல்லூரி வாசலில் அழகழகாகப் பூந்தொட்டிகள். அப்பா ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "அடியில ஈரத் தடமே இல்ல. காலைலதான் இறக்கியிருக்கான். வாடகைத் தொட்டி. வா, போகலாம்."

இரண்டாவதில் வரிசையாகப் புத்தம்புது கம்ப்யூட்டர்கள். அப்பா குனிந்து பின்பக்கம் பார்த்தார். "ஒரு ஒயர்கூடச் செருகல. எல்லாம் கண்காட்சிக்கு. நட!"

இது மூன்றாவது. பூட்டிக் கிடந்த ஓர் அறை முன்னால் நின்றுவிட்டார்.

"இதுல என்னம்மா இருக்கு?"

"உடைஞ்ச பெஞ்சு அங்கிள்."

"திற, பாப்போம்."

அந்தப் பெண் முகம் சுளிக்காமல் ஓடிப்போய்ச் சாவி கொண்டுவந்தாள். உள்ளே உடைந்த பெஞ்சுகள்தான் இருந்தன!

அப்பாவின் புருவம் உயர்ந்தது. விறுவிறுவென்று நூலகத்துக்குள் போய்ப் புத்தகங்களை உருவினார். ஓரம் மடங்கி, அட்டை நைந்து, ஒன்றில் டீக்கறைகூட இருந்தது. "அடேயப்பா! இங்க நெஜமாவே படிக்கிறாங்க!"

அடுத்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வகுப்புக்குள் தலையை நீட்டினார். கரும்பலகை முன்னால் பேராசிரியையோடு ஒரு மாணவி மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். "சரி, நீ சொல்றதுதான் சரி" என்று பேராசிரியை சிரித்தபடி தன் கணக்கை அழித்தார். வாசலில் நின்றவர்களை யாரும் சட்டை செய்யவில்லை.

"அப்பா..." மகள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "எனக்கு இங்கதான் படிக்கணும்."

"இதுதாண்டா உன் காலேஜ்! ஜெயிச்சுட்டோம்!"

நடைபாதை என்றும் பாராமல் இருவரும் கட்டிக்கொண்டு குதித்தார்கள். ஆபீஸில் இடத்தை உறுதி செய்துவிட்டு வந்தபோது மகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. எத்தனை பெண்களுக்கு இப்படியொரு அப்பா கிடைப்பார்?

"எத்தனையோ பெத்தவங்க வந்தாங்க அங்கிள்," என்றாள் சுற்றிக் காட்டிய மாணவி. "இவ்வளவு நுணுக்கமா யாருமே பாத்ததில்ல. எப்படி?"

அப்பா பெருமையாக வாய் திறப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. அவர் கை நிறையக் காகிதங்கள். மகள்தான் ஸ்பீக்கரில் போட்டு நீட்டினாள்.

"பிரின்சிபால் சார்! நாளைக்கு நம்ம காலேஜைச் சுத்திப் பாக்கப் பெத்தவங்க கூட்டமா வர்றாங்களாம். என்ன பண்ணட்டும்?"

"பதறாதய்யா, வழக்கமான ஏற்பாடுதான். வாடகைத் தொட்டிக்குச் சொல்லிடு," என்றார் அப்பா. "என்னை மாதிரி அப்பன் எவனாவது வந்தா மட்டும் கேட்டுலயே நிறுத்திடு!"