டிரைவிங் மாஸ்டர்

"அவன் மாதிரி ஒரு மனுஷனை இனிமே பார்க்க முடியாது" என்றார் நண்பர், டீயை ஆற்றியபடி.

"நல்லவேளை" என்றார் ஜன்னலோர நாற்காலியில் இருந்தவர்.

மாஸ்டரின் மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மனைவி அடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் முன்னறையில் கூடி மாஸ்டரின் கதைகளைப் பேசுவார்கள். ஜன்னலோரத்தவரும் கேட்பார். கேட்பதோடு நிறுத்தினால் தேவலை.

நண்பரும் மாஸ்டரும் சேர்ந்து டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர்கள். ஊரில் பாதிப்பேர் மாஸ்டரிடம்தான் கார் ஓட்டக் கற்றார்கள் என்று நண்பர் பெருமைப்பட்டார். மீதிப்பேர் எப்படித் தப்பித்தார்கள் என்று ஜன்னலோரத்தவர் விசாரித்தார்.

மகள் தன் பங்குக்கு ஒன்று சொன்னாள். கற்றுக்கொள்ளப் போன முதல் நாளே காரைக் கொண்டுபோய் விளக்குக் கம்பத்தில் சாத்திவிட்டாள். அப்பா திட்டவில்லை. இறங்கிப் போய், "ஓரமா நிக்கத் தெரியாதா?" என்று கம்பத்தைக் கேட்டாராம்.

"கம்பம் என்ன சொல்லிச்சு?" என்றார் ஜன்னலோரத்தவர்.

மகள் அடுப்பில் ஏதோ இருப்பதுபோல எழுந்து உள்ளே போனாள்.

வீட்டில் மனுஷன் எப்படி என்று மனைவியிடம் கேட்டார் ஜன்னலோரத்தவர். அவ்வளவுதான், அவள் பிடித்துக்கொண்டாள். எந்த வண்டியில் ஏறினாலும் இல்லாத பிரேக்கை மிதிப்பாராம். தூக்கத்திலும் மிதிப்பாராம், சிக்கியது அவள் கால். ஊருக்கெல்லாம் பொறுமையின் சிகரம். வீட்டில் சாவியைக் காணோமென்றால் பூகம்பம். சாவி அவர் சட்டைப்பையிலேயே இருக்கும்.

சொல்லிக்கொண்டே வந்தவள் குரலைத் தணித்தாள். ஒருமுறை அவளுக்கு ஆபரேஷன். மாஸ்டர் அவள் காதருகே குனிந்து, "பயப்படாதே, டாக்டர் என் ஸ்டூடண்ட்தான். ரிவர்ஸ் மட்டும்தான் சரியா வராது" என்றார். அவள் சிரித்துக்கொண்டேதான் மயக்க ஊசி போட்டுக்கொண்டாள்.

ஜன்னலோரத்தவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் இப்ப இல்லையா?" என்று மெல்லக் கேட்டார்.

"அப்பப்ப வருவார்" என்றாள்.

பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க. எனக்கும் யாரும் இல்லை. அவர் அளவுக்கு நல்லவன்னு சொல்லிக்க மாட்டேன். ஆனா ஊர் சுத்தாம வீட்டோட இருப்பேன். என்னைக் கட்டிக்கிறீங்களா?"

நண்பர் டீ கிளாஸை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மனைவி எழுந்து வந்தாள். மாற்றிப் போட்டிருந்த அவருடைய சட்டைப் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"போன தடவையும் இப்படித்தாங்க திடுதிப்னு கேட்டீங்க, நம்ம பொண்ணெல்லாம் பிறக்கிறதுக்கு முன்னாடி. அப்பவே நான் யோசிச்சிருக்கணும்" என்றாள். "சரி, கட்டிக்கிறேன்."